பெட்டியின் அளவும் வண்டியின் அளவும்



சாமான் ஏற்றுவதற்கென்று வாங்கப்படும் வண்டியைப் பற்றிப் பேசப் புகும்போது, முதலிற் கையில் எடுக்கவேண்டிய கருவி தச்சரிடம் இருக்கும் அளவு நாடாவே என்பது என் எண்ணம். யப்பானிய விவசாயி தம் வயலுக்கு ஓட்டிச் செல்லும் சின்னஞ்சிறு லொறியின் மொத்த நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர். அதன் பின்னே சாமான் ஏற்றும் பெட்டியை அளந்தால் ஏறக்குறைய 1.94 மீற்றர் நீளம் வரும். அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையாகும் போர்ட் எப்-150 என்னும் பிக்கப் வண்டியில், நான்கு கதவுகளும் இரண்டு வரிசை ஆசனங்களும் உள்ள வகையை எடுத்துக்கொண்டால், அதன் மொத்த நீளம் 5.9 மீற்றரை ஒட்டி வரும். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே அகலம் 2 மீற்றரைத் தாண்டும். அவ்வகை வண்டியிற் சாதாரணமாக வரும் பெட்டியின் நீளமோ 1.7 மீற்றர். பெட்டிக்குள்ளே இரு பக்கமும் சில்லு மேடுகள் புடைத்து நிற்பதனால், அவற்றுக்கு இடைப்பட்ட அகலம் 1.3 மீற்றருக்கும் சற்றுக் குறைவு. யப்பானிய வண்டியின் பெட்டி 1.41 மீற்றர் அகலம். தரை முழுவதும் சமதளம்.

ஆகவே, வீதியில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு நீளத்தை அடைத்து நிற்கும் வண்டியில், சாமான் வைக்கும் இடத்தின் நீளம் சிறிய வண்டியிலும் பார்க்க ஒரு சாண் குறைவாக இருக்கின்றது. நியாயம் தவறாது பேசவேண்டுமானால் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். பெரிய வண்டியின் பெட்டி ஆழமானது. அது சுமக்கும் பாரமும் அதிகம். சில நூறு கிலோவிலிருந்து ஒரு தொன்வரை தாங்கும். பின்னே இன்னும் பல தொன் இழுக்கும். யப்பானிய வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் பாரம் 350 கிலோ மட்டுமே. அதாவது சீமெந்துப் பை ஏழு. எனினும், சாமான் வண்டியொன்று நாளுக்கு நாள் பெருக்க, சாமானுக்குரிய இடம் மட்டும் பெருகாமல் நின்றது எவ்வாறு என்பது ஆராயத்தக்க ஒரு கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால் கோழியிறைச்சியில் வந்து முடிகின்றது. கேட்பவர்களுக்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் நடந்த சரித்திரம் அதுதான்.

அமெரிக்கக் கமக்காரர் தம் காரின் பின்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பலகைப் பெட்டி பொருத்தி ஓட்டிய காலம் ஒன்று உண்டு. அதைக் கண்ட போர்ட் நிறுவனம் 1925ஆம் ஆண்டில், பெட்டியைத் தானே பொருத்தி, 281 டொலர் விலைக்கு ஒரு வண்டியை விற்கத் தொடங்கியது. அதன் இயந்திரத்தின் வலு 20 குதிரை. இருவர் அமர ஓர் ஆசனம், பின்னே ஒரு பெட்டி, வேறொன்றும் இல்லை. முட்டைக் கூடையையும் வைக்கோற் கட்டையும் ஏற்றுவதற்கு வேறொன்றும் வேண்டியதும் இல்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்காவிற் கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக மாறியது. மலிவான குளிரூட்டிய கோழியிறைச்சி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. மேற்கு ஜேர்மனியிலும் பிரான்சிலும் இருந்த கோழி வளர்ப்போர் கூக்குரலிடவே, 1962ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொதுச் சந்தை அமெரிக்கக் கோழிமீது கடுந்தீர்வை விதித்தது. பேச்சுவார்த்தைகள் பயன் தரவில்லை. 1963ஆம் ஆண்டு டிசம்பரில், பதவியேற்று இரண்டு வாரமும் நிறையாத ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் பதிலுக்கு ஒரு பிரகடனம் செய்தார். உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்ட்ரின் என்னும் பசைப்பொருள், பிராந்தி, சிறு லொறி ஆகிய நான்கின்மீதும் நூற்றுக்கு 25 வீதம் இறக்குமதித் தீர்வை. மேற்கு ஜேர்மனியின் வொல்க்ஸ்வேகன் சிறு லொறிகளை நோக்கி எறியப்பட்ட கல் அது. எறிந்த கல் குறியிற் பட்டது. ஜேர்மன் சிறு லொறிகளின் வரவு ஒரே ஆண்டிற் சுமார் மூன்றிலொரு பங்காகச் சுருங்கியது.

காலப்போக்கில் மாவுக்கும் பசைக்கும் பிராந்திக்கும் விதித்த தீர்வைகள் நீங்கின. லொறிக்கு விதித்தது மட்டும் அறுபது ஆண்டு கடந்தும் நிலைத்துவிட்டது. கோழிக்காக வந்த சண்டையைக் கோழிகள் மறந்துவிட்டன என்றுதான் சொல்லவேண்டும்.

தீர்வை என்று ஒன்று இருந்தால், அதைச் சுற்றிச் செல்லும் ஒழுங்கையும் இருக்கும். 1970களில் யப்பானிய நிறுவனங்கள் தம் சிறு பிக்கப் வண்டிகளைப் பெட்டி இல்லாமற் கப்பலேற்றின. பெட்டி இல்லாதது முழு லொறி அன்று என்பதனால் அதற்குத் தீர்வை நூற்றுக்கு 4 மட்டுமே. அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கிய பின்னர் பெட்டியைப் பூட்டுவார்கள். 1980இல் அந்த வழி அடைபட்டது. சுபாரு நிறுவனமோ 1978இல் தன் சிறு பிக்கப்பின் பெட்டிக்குள்ளே, பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு ஆசனங்களைப் பொருத்தி அனுப்பியது. ஆசனம் இருப்பதால் அது பிரயாணிகள் வண்டியாம்! வெயிலிலும் காற்றிலும் அந்த ஆசனத்தில் அமர்ந்து சென்றவர்களை நினைத்தால் இரக்கமாக இருக்கின்றது. பின்னொரு காலத்திற் போர்ட் நிறுவனமே துருக்கியிற் செய்த தன் சிறு வான்களைப் பின் ஆசனங்களோடு கொண்டுவந்து இறக்கி, இறக்கிய பின்னர் அவற்றைக் கழற்றியது. வழக்கு நெடுங்காலம் நடந்து, 2024ஆம் ஆண்டில் 365 மில்லியன் டொலர் செலுத்த ஒப்புக்கொண்டு அவ்விவகாரம் தீர்ந்தது.

இவற்றை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வெளிநாட்டுச் சிறு வண்டிகள் நேர்வழியில் உள்ளே வர இயலாமற் போனபடியால், உள்ளூர்ச் சந்தை பெரும்பாலும் உள்நாட்டு நிறுவனங்களுக்கே உரியதாயிற்று. போட்டி குறைந்த சந்தையில் விற்பவனுக்கு எது இலாபமோ அதுவே செய்யப்படும். சிறு வண்டியில் இலாபம் சிறிது. பெரிய வண்டியில் இலாபம் பெரிது.

இரண்டாவது காரணம் எரிபொருட் சட்டம். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1975இல், ஒரு கலன் பெற்றோலுக்கு வண்டி இத்தனை மைல் ஓடவேண்டும் என்று அமெரிக்கா விதி செய்தது. கமக்காரருக்கும் தச்சருக்கும் இடையூறு நேரக்கூடாதென்று லொறி வகைக்கு அந்த விதி தளர்த்தப்பட்டது. நல்ல நோக்கந்தான். பின்னர், 2011ஆம் ஆண்டின் வண்டிகள்தொட்டு, நான்கு சில்லுகளுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பைக் கொண்டு இலக்கு வகுக்கப்பட்டது. பரப்புப் பெரிதானால் இலக்கு இலேசாகும்; பரப்புச் சிறிதானால் இலக்குக் கடினமாகும். ஒரு மாணவனின் சப்பாத்து அளவைப் பார்த்துச் சித்திப் புள்ளி வகுத்தால், பெற்றார் அடுத்த தவணையே பெரிய சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிடுவார்கள் அல்லவா? அதே 2011இல் அமெரிக்காவில் அந்நாள்வரை செய்யப்பட்ட சிறிய ரேஞ்சர் வண்டியைப் போர்ட் நிறுத்தியது; 2019இல் அதே பெயரில் திரும்பி வந்த வண்டி கணிசமாகப் பருத்திருந்தது. ரேஞ்சர் நின்றதற்கு இந்த விதி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் சிறு வண்டி செய்வோருக்கு அது துணை நின்ற விதி அன்று. விதியை மீறுவோர்க்குரிய தண்டப்பணம் 2025இற் பூச்சியமாக்கப்பட்டது. ஆனால் அதற்கிடையில் ஒரு தலைமுறை முழுவதும் பெரிய வண்டியே வண்டி என்று பழகிவிட்டது.

பழகியதன் அடையாளம் வண்டியின் உருவிலேயே இருக்கின்றது. 1970களின் எப்-150 வண்டியில், நீளத்தை நூறு பங்காக வகுத்தால் பெட்டிக்கு ஏறக்குறைய 64 பங்கும், ஆட்கள் இருக்கும் கூட்டுக்கு 36 பங்கும் இருந்தன. 2021இல் அது தலைகீழாகி, கூட்டுக்கு 63, பெட்டிக்கு 37 என்றாகிவிட்டது. சாமான் வண்டி என்ற பெயரோடு குடும்ப வண்டி ஒன்று உருவாகியிருக்கின்றது. குடும்பத்துக்கு வண்டி வேண்டும் என்பதிற் குற்றம் காண்பதற்கில்லை. அதற்குச் சாமான் வண்டியின் உயரமும் நிறையும் எதற்கு என்பதே கேள்வி.

உயரத்தைப் பற்றி ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையிற் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். காலை ஏழேகால் மணிக்குப் பாடசாலை வாயிலில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் உயரம் ஏறக்குறைய 1.1 மீற்றர். பெரிய பிக்கப் வண்டியின் முன்பக்கப் பொனற் நிலத்திலிருந்து 40 அங்குலத்துக்கு, அதாவது ஒரு மீற்றருக்கு மேலே நிற்கின்றது. மிகப் பெரிய சிலவற்றில் 50 அங்குலத்தையும் தாண்டுவதுண்டு. அவ்வளவு உயரமுள்ள பொனற்றுக்கு முன்னே நெருங்கி நிற்கும் பிள்ளையைச் சாரதி காணமுடியாது. கவனக்குறைவு உள்ள சாரதி மட்டும் அல்லர், எவ்வளவு பொறுப்புள்ள தகப்பனும் காணமுடியாது. ஏனென்றால் அவர் கண்ணுக்கும் பிள்ளையின் தலைக்கும் இடையே இரும்பு நிற்கின்றது. மோதல் நிகழுமிடத்தும் வேறுபாடு உண்டு. தாழ்ந்து சரிந்த முன்பக்கம் ஒரு வளர்ந்தவரைக் காலில் அடித்துப் பொனற்றின் மேலே சாய்த்துவிடும். சுவர்போல் நிமிர்ந்த முன்பக்கம் அவரை நெஞ்சிலும் பிள்ளையைத் தலையிலும் அடித்துக் கீழே தள்ளும்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்கக் காப்புறுதிக் கம்பெனிகளின் ஆதரவில் இயங்கும் வீதிப் பாதுகாப்பு நிறுவனம், பாதசாரிகள் மோதுண்ட ஏறக்குறைய 18,000 விபத்துக்களை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. பொனற் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ அமைந்து சரிவான முகமும் கொண்ட வண்டிகளிலும் பார்க்க, மோதுண்டவரின் உயிரைப் போக்கும் சாத்தியம் நூற்றுக்கு 45 வீதம் அதிகம் என்று அது கண்டது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 4,100 பேர். 2022இல் 7,500 பேருக்கு மேல். இந்தப் பெருக்கத்துக்கு இருள், வேகம், கைத்தொலைபேசி, நடைபாதை இல்லாத அகன்ற வீதி எனப் பல காரணங்கள் உண்டு. வண்டியின் பருமனும் அவற்றுள் ஒன்று.

இனி யப்பானைப் பார்ப்போம். போரிலே தோற்று, நகரங்கள் எரிந்து, மக்கள் கையிற் காசில்லாதிருந்த 1949ஆம் ஆண்டில், யப்பானிய அரசாங்கம் 'கெய்' எனப்படும் இலகு வண்டி வகுப்பைச் சட்டத்தில் ஏற்படுத்தியது. இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை இயந்திரக் கொள்ளளவு. அதற்குள் அடங்கினால் வரி குறைவு. 1950களில் இயந்திரத்தின் எல்லை 360 கன சென்ரிமீற்றர். 1976இல் 550 ஆகவும், 1990இல் 660 ஆகவும் அது உயர்ந்தது. 1998இல் இன்றுள்ள நீள அகலம் வகுக்கப்பட்டது. டைஹட்சு நிறுவனத்தின் ஹைஜெற் 1960இலும், சுசுக்கியின் கரியும் சுபாருவின் சம்பாரும் 1961இலும் வந்தன. மோட்டார் சைக்கிள் செய்து பேர்பெற்ற ஹொண்டா நிறுவனம் 1963இல் விற்பனைக்கு விட்ட முதலாவது நாலு சில்லு வண்டியும் இவ்வகைச் சிறு லொறியே.

இந்த வண்டியின் அருமை அது செல்லும் இடத்தைப் பார்த்தாலே விளங்கும். யப்பானிய நெல் வயல்கள் சிறு துண்டுகள். அவற்றுக்கிடையே செல்லும் பாதை வரப்பிலும் சற்று அகலமானது, அவ்வளவே. அங்கே திரும்பவும் முடியும், தேவையானால் முழுத் தூரமும் பின்னோக்கி ஓட்டி வரவும் முடியும். பெட்டியின் மூன்று பக்கப் பலகைகளும் கீழே மடியும். பெட்டியின் தரை இடுப்பு உயரத்துக்கும் கீழே இருப்பதால், எழுபது வயது மூதாட்டி ஒருவரும் நாற்றுத் தட்டுக்களைப் பக்கத்திலிருந்தே எடுத்து வைக்கலாம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். இவாத்தே மாகாணத்தில் ஷிசுகுயிஷி என்னும் சிற்றூரில், 2005ஆம் ஆண்டு தொடக்கம் இந்த லொறிகளைக் கொண்டே ஒரு சந்தை நடக்கின்றது. கமக்காரர் தம் வண்டிகளைக் கடைவீதியின் இரு பக்கமும் வரிசையாக நிறுத்தி, பலகையை மடித்து, பெட்டியையே கடைத்தட்டாக்கி, கீரையும் காயும் விற்கின்றனர். இவ்வழக்கம் பிற ஊர்களுக்கும் பரவியிருக்கின்றது. பத்து மணிக்கு விற்று முடிந்தால் பலகையை மேலே தூக்கிப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பவேண்டியதுதான். கூடாரமும் இல்லை, கூலியும் இல்லை.

குறையும் சொல்லவேண்டும். சாரதி முன் சில்லுக்கு மேலேயே அமர்கின்றார். அவர் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் இடையே ஒரு தகடும் சிறிது வெளியுமே உண்டு. பெருந்தெருவில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுவதற்கு அது உகந்தது அன்று. 350 கிலோவை 700 ஆக்கினால் தடுப்பும் அச்சும் மன்னிக்கமாட்டா. விற்பனையும் முன்னைப்போல் இல்லை. சுபாரு தன் சம்பாரைத் தானே செய்வதை 2012இல் நிறுத்தியது. ஹொண்டா தன் அக்ரி லொறியை 2021இல் நிறுத்திவிட்டது. யப்பானியக் கிராமங்களிற் கமக்காரர் தொகையே குறைந்து வருகின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். யப்பானியர் அடக்கம் உள்ளவர்கள், ஆகையால் அவர் வண்டி சிறிது. அமெரிக்கர் ஆடம்பரப் பிரியர், ஆகையால் அவர் வண்டி பெரிது என்று பேசுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாட்டின் வரிச்சட்டம் சிறுமைக்குச் சலுகை தந்தது. மற்ற நாட்டின் சட்டம், தான் அறிந்தோ அறியாமலோ, பெருமைக்குச் சலுகை தந்தது. வாங்குபவர் தாம் விரும்பியதை வாங்கியதாகவே இரு நாட்டிலும் நினைக்கின்றார். விரும்பக் கிடைத்தவை எவை என்பதை முன்னரே வேறு யாரோ தீர்மானித்துவிட்டனர்.

அமெரிக்கருக்கும் சிறு வண்டிமீது ஆசை உண்டு என்பதற்குச் சான்று இருக்கின்றது. 25 ஆண்டு பழையதாகிவிட்ட வெளிநாட்டு வண்டிக்கு அந்நாட்டின் பாதுகாப்பு விதிகள் பொருந்தா. இதைக் கொண்டு, கால் நூற்றாண்டு உழைத்து ஓய்ந்த யப்பானியச் சிறு லொறிகளை அமெரிக்கக் கமக்காரரும் தோட்டக்காரரும் கப்பலில் வரவழைக்கின்றனர். சில மாநிலங்கள் அவற்றைப் பதிய மறுத்தன. மசச்சூசெற்ஸ் 2024இல் மறுத்து, எதிர்ப்புக் கண்டு அதே ஆண்டில் அனுமதித்தது. போர்ட் நிறுவனமும் 2021இல் மவரிக் என்னும் சற்றுச் சிறிய பிக்கப்பை 20,000 டொலருக்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலைக்கு அறிவித்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே, செய்து கொடுக்க முடியாத அளவு கேள்வி வந்ததனால், புதிய பதிவுகளை நிறுத்தி வைக்கவேண்டி வந்தது. அந்தச் 'சிறிய' வண்டியும் 5 மீற்றர் நீளம் என்பது வேறு விஷயம்.

இந்த விவகாரம் நம் வாசலுக்கும் வந்திருக்கின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டு பொறுத்திருந்தவர்கள் எதை வாங்கலாம் என்று விசாரிக்கின்றனர். நம் நாட்டில் அமெரிக்கப் பிக்கப் அரிது. நமக்குள்ள தெரிவு பெரும்பாலும் இரட்டை ஆசன வரிசை கொண்ட கப் வாகனத்துக்கும், பட்டா என்று ஊரெல்லாம் வழங்கும் சிறு லொறிக்கும் இடையிலேயே. இந்தியாவின் டாட்டா நிறுவனம் 2005இல் அறிமுகஞ் செய்த அந்தச் சிறு லொறி, 3.8 மீற்றர் நீளமும், இரண்டு சிலிண்டர் டீசல் இயந்திரமும், 750 கிலோ பாரம் ஏற்றும் தகுதியும் உடையதாய் வந்தது. அதன் பெட்டி 2 மீற்றருக்கு மேல். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டை வரிசைக் கப் 5.3 மீற்றர் நீளம். அதன் பெட்டி சுமார் ஒன்றரை மீற்றர். நான் தொடக்கத்திற் சொன்ன அமெரிக்கக் கணக்கு இங்கும் மாறவில்லை.

வெங்காயம் செய்யும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்திருந்தார். கடன் எடுத்துக் கப் ஒன்று வாங்கும் எண்ணம். பட்டா போதாதா என்று கேட்டேன். "சேர், பட்டா எண்டால் மரக்கறிக்காரன் எண்டுதான் சொல்லுவினம். கப் எண்டால் கதை வேறை" என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. டாட்டா நிறுவனத்தார் அந்தச் சிறு லொறியைத் திட்டமிடுமுன், முச்சில்லு வண்டிச் சாரதிகளிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார்களாம். நாலு சில்லு வண்டி இருந்தாற் கிராமத்திற் கல்யாணப் பேச்சுக்கு நல்லது என்று ஒருவர் பதில் சொன்னதை அவர்களே பின்னர் எடுத்துக் கூறியிருக்கின்றனர். ஒருவர்க்கு மதிப்புத் தந்த வண்டியே இன்னொருவர்க்கு மதிப்புக் குறைவாகத் தோன்றுகின்றது. மதிப்பு என்பது வேண்டாத ஒன்று என்று நான் சொல்லவில்லை. உழைக்கும் மனிதனுக்கு அது வேண்டும். அதற்கு மாதந்தோறும் வங்கிக்குக் கட்டும் பணம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்.

அவரை இருத்தி, ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் அவருடைய ஒரு வருடத்தை எழுதச் செய்தேன். வாரத்தில் மூன்று நாள் சுன்னாகம் சந்தை. ஒரு தடவைக்கு 400, 500 கிலோ. போகத்துக்கு இரண்டு மூன்று தடவை உரப்பை, ஒரு தடவை தம்புள்ளை. வீட்டில் ஐவர், எல்லாரும் சேர்ந்து தூரப் பயணம் போவது கோயிலுக்கும் கல்யாணத்துக்குமாக வருடத்தில் நாலைந்து நாள். தோட்டத்துக்குச் செல்லும் ஒழுங்கையின் அகலம் இரு பக்க வேலிக்கும் இடையே எவ்வளவு என்று கேட்டேன், தெரியாது என்றார். போய் அளந்து வரச் சொன்னேன். கப் வாகனம் நுழையலாம். ஆனால் எதிரே ஒரு துவிச்சக்கர வண்டி வந்தால் அது வேலிக்குள்ளேதான் ஒதுங்கவேண்டும் என்று பின்னர் வந்து சொன்னார்.

எல்லாருடைய கணக்கும் இப்படியே முடியும் என்பதில்லை. மழைக்காலத்திற் சேறும் வெள்ளமும் நிறையும் குளக்கட்டுப் பாதையில் வேலை செய்பவர், படகைச் சில்லுத்தட்டில் ஏற்றி இழுப்பவர், ஐந்து தொழிலாளரையும் ஆயுதங்களையும் தினமும் ஒன்றாகக் கொண்டு செல்லும் மின்வேலைக்காரர் ஆகியோருக்கு நாலு சில்லும் இழுக்கும் உயர்ந்த கப் வாகனமே பொருத்தமானது. அவர்களுக்குப் பட்டாவைப் புத்திமதியாகச் சொல்வது அறியாமை. ஆனைக்குரிய வேலை இருந்தால் ஆனை கட்டித்தான் ஆகவேண்டும். அதற்கு நாளும் தீனி போடவும் இயலவேண்டும். 2022ஆம் ஆண்டில் எண்ணெய் வரிசையில் நின்ற நாட்களை நாம் இன்னும் மறக்கவில்லை. அப்போது எந்த வண்டி எத்தனை லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் மனப்பாடமாக இருந்தது.

வாங்கும் எண்ணம் உள்ள நேயர்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். கையொப்பம் வைக்குமுன் ஒரு போகம் பொறுத்து, வேண்டிய நாளிற் பட்டா ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்றிய பாரம், ஓடிய தூரம், குடித்த எண்ணெய், கொடுத்த வாடகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாரம் 750 கிலோவைத் தாண்டிய நாட்கள் எத்தனை, ஆட்கள் நால்வருக்கு மேற் சென்ற நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என் பழைய மாணவரின் கொப்பியில் அத்தகைய நாட்கள் போகம் ஒன்றுக்கு ஏழு என்று வந்திருக்கின்றது. தம்புள்ளைக்கு லொறியும் கல்யாணத்துக்கு வானும் வாடகைக்குப் பிடித்தால் வருடத்துக்கு என்ன செலவாகும் என்பதை அவர் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கின்றார்.